சதுர அடி ரேட்டைக் குறைக்காமல் போட்டியில் நிற்க முடியுமா?

கேள்வி: நானும் என் கல்லூரி நண்பரும் சில வருடம் சைட் இன்ஜினியராக வேலை பார்த்துவிட்டு, திருச்சியில் சொந்தமாகக் கட்டுமான நிறுவனம் தொடங்கியிருக்கிறோம். ஊரில் பெரும்பாலும் சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்கிறார்கள். ஒருவர் மட்டும் 2,150-க்கே எடுக்கிறார். இந்தத் தொழிலில் ஒரு நிறுவனத்தைப் போட்டியில் நிற்க வைப்பது எது? இயந்திரமா, மென்பொருளா, விளம்பரமா? அரசு டெண்டருக்குப் போகலாமா?

பதில்:

தன் வேலைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பதைத் தன் சொந்த சைட் கணக்கிலிருந்து தெரிந்து வைத்திருக்கும் நிறுவனம்தான் நிலைக்கிறது. இயந்திரம், ஆள், பணம், பெயர் எல்லாமே அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. என் வேலைக்காலம் முழுக்க எஸ்டிமேட்டிலும் பில்லிங்கிலும் போனதால் இப்படிச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அழகாகக் கட்டத் தெரிந்தும் தொழிலை விட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது. எந்த வேலையில் சம்பாதித்தோம், எந்த வேலையில் விட்டோம் என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

முதலில் அந்த 2,150 ரூபாய்க்காரரைப் பார்ப்போம். ஒருவர் உங்களைவிட 250 ரூபாய் குறைத்துச் சொன்னால் மூன்று காரணம் இருக்கலாம். நிஜமாகவே உங்களைவிடக் குறைந்த செலவில் கட்டத் தெரிந்தவராக இருக்கலாம். நீங்கள் சேர்த்திருப்பதை அவர் சேர்க்காமல் விட்டிருக்கலாம். அல்லது தன் செலவு தனக்கே தெரியாமல் சொல்லியிருக்கலாம். முதல் வகை அபூர்வம். இரண்டாவது வகைதான் நம் ஊர்களில் அதிகம். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம், எலிவேஷன் வேலை ஆகியவை ரேட்டுக்குள்ளா வெளியிலா? பால்கனியும் போர்ட்டிகோவும் முழு அளவா, பாதி அளவா? பேஸ்மென்ட் உயரம் 2 அடியா, 3 அடியா? டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை? கம்பி எந்தக் கம்பெனி? இதையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் 2,150 பல நேரம் 2,500-ஐத் தாண்டிவிடும். பாதி வீடு எழும்பிய பிறகு ஒவ்வொன்றாக ‘எக்ஸ்ட்ரா’ என்று வரும்போது வீட்டுக்காரருக்கும் காண்ட்ராக்டருக்கும் சண்டை வருவதும் இதனால்தான்.

ஆகவே உங்கள் கொட்டேஷனில் என்ன சேரும், என்ன சேராது, எந்தப் பொருள், என்ன அளவு, கூடுதல் வேலைக்கு என்ன ரேட் என்று நான்கைந்து பக்கம் எழுதிக் கொடுங்கள். போட்டியாளரின் கொட்டேஷனையும் இதே வரிசையில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு கட்டுபவர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, கடனும் வாங்கி வந்து நிற்கிறார். கடைசியில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான் அவருடைய உண்மையான பயம். அந்தப் பயத்தைத் தெளிவான தாளால் போக்குகிறவருக்கு 100 ரூபாய் கூடக் கொடுக்க அவர் தயாராகத்தான் இருப்பார்.

மூன்றாவது வகை, தன் செலவு தெரியாமல் குறைத்துச் சொல்பவர். ஏலப் போட்டியில் ஒரு இயல்பான அபாயம் உண்டு. 1971-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூன்று பேர் அதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலடி எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்ட நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தை ஏன் பார்க்கவில்லை என்பது கேள்வி. பத்துப் பேர் ஒரே வயலை மதிப்பிட்டால் சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் மதிப்பிடுவார்கள். ஏலத்தில் ஜெயிப்பவரோ எல்லோரையும்விட அதிகமாகக் கூட்டித் தப்புக்கணக்குப் போட்டவராக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டுமான டெண்டரில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. பத்துப் பேரில் எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை சொல்லி முதலாவதாக வருபவர் எதையோ கணக்கில் விட்டவராக இருக்கலாம். ஒரு வேலை கிடைத்தவுடன் சந்தோஷப்படுவதற்கு முன், இரண்டாவதாக வந்தவருக்கும் நமக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் நல்ல நிறுவனங்களில் இருக்கிறது. அந்த 2,150 ரூபாய்க்காரரைத் துரத்திக்கொண்டு நீங்கள் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, செலவைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1,500 சதுர அடி வீடு, 2,400 ரூபாய் ரேட், மொத்தம் 36 லட்சம். 10 சதவீதம் லாபம் வைத்தால் 3.6 லட்சம். இந்த வீட்டுக்குச் சதுர அடிக்கு 4 கிலோ என்று 6 டன் கம்பி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுச் சேதாரம் 3 சதவீதத்தில் நிற்க வேண்டியது 8 சதவீதமாகப் போனால் கூடுதலாக 300 கிலோ. கிலோ 65 ரூபாய் என்றால் 19,500 ரூபாய். சிமென்ட்டில் ஈரம் பட்டு இறுகியதும், கலவையில் கண்ணளவில் கூடப் போட்டதும் சேர்ந்து 40 பை போனால் 14,000.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒன்று, பூச்சு. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக வராமல் போனால், 12 மில்லிமீட்டரில் முடிய வேண்டிய பூச்சு 20 மில்லிமீட்டர் ஆகும். உள்ளும் புறமுமாக 600 சதுர மீட்டர் பூச்சு இருக்கும் வீட்டில் அந்த 8 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 5 கன மீட்டர் கலவை. 1:5 விகிதத்தில் 30 பை சிமென்ட், அதற்கேற்ற எம்-சாண்ட். 22,000 ரூபாய் வரை சுவரில் ஒட்டிக்கொண்டு போய்விடும். வேலை இரண்டு மாதம் இழுத்தால் சூப்பர்வைசர் சம்பளம், ஷட்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) வாடகை, காவலாள் என்று குறைந்தது 60,000. எல்லாவற்றையும் கூட்டினால் 1,15,500 ரூபாய். லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சதுர அடிக்கு 77 ரூபாய்.

ரேட்டைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இந்த 77 ரூபாயிலிருந்து குறையுங்கள். தரத்தைக் குறைக்காமல், கூலியைப் பிடிக்காமல் குறைக்கக்கூடிய பணம் இது. மற்றவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை என்பதால் இதுதான் உங்களுக்குக் கிடைக்கும் அனுகூலம்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கம்பி வெட்டுவதற்கு முன் பார் பெண்டிங் ஷெட்யூல், அதாவது எந்த நீளத்தில் எத்தனை துண்டு வேண்டும் என்ற பட்டியல் போடுங்கள். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 3.9 மீட்டர் துண்டு வேண்டும் என்றால் மூன்று துண்டு போக 30 சென்டிமீட்டர்தான் மிச்சம். 4.2 மீட்டர் வேண்டும் என்றால் இரண்டு துண்டுதான் வரும், 3.6 மீட்டர் மிஞ்சும். அந்த 3.6 மீட்டர் எந்த லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), எந்த சன்ஷேடுக்குப் போகும் என்பதை வெட்டுவதற்கு முன்பே எழுதிவிட்டால் சேதாரம் தானாகக் குறையும். லோடு இறங்கும்போது எடைச்சீட்டை மட்டும் நம்பாமல், விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ வர வேண்டும். கான்கிரீட்டில் சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஒரு கன மீட்டருக்கு 8 பை சிமென்ட் போகும். ஜல்லியையும் மணலையும் சோதித்து மிக்ஸ் டிசைன் செய்து, அதாவது அவற்றுக்கேற்ற கலவை விகிதத்தைக் கணக்கிட்டு, எடை போட்டுக் கலந்தால் அதே எம்-20 என்ற வலிமைத் தரம் ஒரு பை, ஒன்றரைப் பை குறைவாகவே கிடைக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம் 300 கிலோ, அதாவது 6 பை. அதற்குக் கீழே போகக் கூடாது. எடை போட்டுக் கலக்கும் வசதி சைட்டில் இல்லையென்றால் இந்தச் சிக்கனத்தில் இறங்க வேண்டாம்.

ஒவ்வொரு வீடு முடிந்ததும் எஸ்டிமேட்டில் போட்டது என்ன, நிஜத்தில் போனது என்ன என்று எதிரெதிரே இரண்டு பத்தியாக எழுதி வையுங்கள். ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாளும் ஒரு நாளில் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை சதுர அடி பூசினார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலிலும் கையேடுகளிலும் இருப்பது சராசரி. உங்கள் ஆட்கள், உங்கள் சூப்பர்வைசர், உங்கள் ஊர் மண் ஆகியவற்றின் அளவு உங்கள் நோட்டில்தான் இருக்கும். பத்து வீட்டுக் கணக்கு கையில் இருக்கிறவரால், அடுத்த வீட்டுக்கு எவ்வளவு குறைக்கலாம், எதற்குக் கீழே போனால் விட்டுவிட வேண்டும் என்று தயங்காமல் சொல்ல முடியும்.

இனி பணம். லாபம் இருந்தும் நிறுவனங்கள் விழுவது இங்கேதான். நம் ஊரில் நடப்பது உங்களுக்கே தெரியும். முதல் வீட்டு வேலை லிண்டல் மட்டத்தில் நிற்கும், காசு இல்லை. இரண்டாவது வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸை எடுத்து முதல் வீட்டுக்கு ரூஃப் போடுவார்கள். இரண்டாவதை ஓட்ட மூன்றாவது அட்வான்ஸ். புது வேலை வந்துகொண்டே இருக்கும்வரை எல்லாம் நன்றாக நடப்பதுபோலத் தெரியும். மூன்று மாதம் புது வேலை வரவில்லை என்றால் எல்லா சைட்டும் ஒரே நேரத்தில் நிற்கும். அடிமாட்டு ரேட்டுக்கு வேலை எடுப்பவர்களில் பலர் அட்வான்ஸுக்காகத்தான் எடுக்கிறார்கள்.

சின்னவர்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் இரண்டாவது பெரிய கட்டுமான நிறுவனமாக இருந்த காரிலியன் 2018 ஜனவரி 15 அன்று விழுந்தது. அன்று அதன் பொறுப்புகள் கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு; கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு. மருத்துவமனை, பள்ளி, ரயில் பாதை என்று வேலைக்குக் குறைவில்லை. மெல்லிய லாபத்துக்கு வேலைகளை எடுத்தார்கள், வராத பணத்தை வருமானமாகக் கணக்கில் காட்டினார்கள், சப்ளையர்களுக்கு 120 நாள் தவணை சொன்னார்கள். அவர்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் பணத்துக்காக நின்றன.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஃபிளாட் கட்டி விற்பவர்கள் வாங்குபவரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கு மட்டுமே எடுக்க வேண்டும் என்று ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டாயமாக்கியதற்குக் காரணமும் இந்த ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுக்கு ஓடும் பழக்கம்தான். தனி வீடு கட்டும் காண்ட்ராக்டரை அந்த விதி கட்டாது. நீங்களாகவே கடைப்பிடியுங்கள். பணம் வாங்கும் கட்டங்களையும் சிறிதாக்குங்கள். பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு, டைல்ஸ் என்று ஐந்து தவணையாக வாங்குவதைவிட எட்டு, பத்துத் தவணையாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் பயம் குறையும். கடைக்காரருக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். 45 நாள் கடனுக்கு வாங்குபவருக்குச் சொல்லும் விலையும் உடனே கொடுப்பவருக்குச் சொல்லும் விலையும் எந்தக் கடையிலும் ஒன்றாக இருக்காது.

விலை ஏற்றத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். 2020 நடுவிலிருந்து ஏறத் தொடங்கிய கம்பி விலை 2022 ஏப்ரலில் கிலோ 70 ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதம் ஒன்றிய அரசு எஃகு ஏற்றுமதிக்கு வரி போட்ட பிறகுதான் விலை இறங்கியது. நிலையான ரேட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வீடுகளைப் பாதியில் வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. கம்பி இந்த விலை, சிமென்ட் இந்த விலை என்று அடிப்படை விலையைக் குறிப்பிட்டு, 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தைக் கணக்கு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி போதும். இறங்கினால் குறைத்துக்கொள்வோம் என்பதையும் எழுதியிருந்தால் வீட்டுக்காரர் மறுக்க மாட்டார்.

ஆட்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சிமென்ட்டும் கம்பியும் எல்லோருக்கும் ஒரே கடையில்தான் கிடைக்கிறது. நல்ல மேஸ்திரி அப்படிக் கிடைப்பதில்லை. சுவரை நேராகக் கட்டும் கொத்தனார் உங்களிடம் இருந்தால் மேலே சொன்ன 8 மில்லிமீட்டர் பூச்சு பிரச்சினையே எழாது. ஒரு நல்ல குழு ஒருவரிடமே தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகக் கூலி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் தவறாமல் கைக்கு வரும் என்ற நம்பிக்கை, ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலை தயாராக இருக்கும் என்ற உறுதி, மெட்டீரியல் வரவில்லை என்று அரை நாள் சும்மா உட்கார வேண்டியிருக்காது என்ற நிம்மதி. செய்த அளவுக்குத்தான் கூலி என்று பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு எம்-சாண்ட் லோடு தாமதமானால் அன்றைய கூலி போச்சு. இரண்டு தடவை அப்படி நடந்தால் அவர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார், அதில் அவர்மேல் குற்றமே இல்லை.

இப்போது சென்ட்ரிங்கிலும் கம்பி வேலையிலும் பீகார், ஜார்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள். துர்கா பூஜை, சத் பூஜை, அவர்கள் ஊர்த் தேர்தல் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டுதான் ரூஃப் கான்கிரீட் தேதியை வைக்க வேண்டும். அவர்களுக்கு ஒழுகாத தங்குமிடம், தண்ணீர், கழிப்பறை, பெண்கள் வேலை செய்யும் சைட்டில் அவர்களுக்குத் தனிக் கழிப்பறை – இதையெல்லாம் செலவு என்று பார்ப்பவரிடம் ஆள் தங்குவதில்லை. ஹெல்மெட், கயிறு, பக்கவாட்டுத் தடுப்பு இல்லாமல் ஒருவரையும் மேலே ஏற்றாதீர்கள். ஒரு குடும்பத்தை அநாதையாக்கிவிட்டு எந்தத் தொழிலும் நடத்த வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களும் நல்ல ஆள் தானாகக் கிடைப்பார் என்று விட்டுவிடவில்லை. எல் அண்ட் டி 1995-லேயே சென்னையில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று பயிற்சி நிலையம் தொடங்கியது. உங்களால் பயிற்சி நிலையம் நடத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு நல்ல கொத்தனாரோடும் இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிட முடியும்.

தரத்தில் பலரும் சொல்லும் பேச்சை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எதைச் செய்தால் நாளை பணம் மிஞ்சும் என்று மட்டும் சொல்கிறேன். வேலை தொடங்குமுன் மண் பரிசோதனை. கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாளும் 15 சென்டிமீட்டர் க்யூப் எடுத்து 7-ம் நாளும் 28-ம் நாளும் ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்த சீட்டு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்றுதல். முட்டு பிரிப்பதில் அவசரம் கூடாது. சாதாரண போர்ட்லேண்ட் (ஓ.பி.சி.) சிமென்ட் போட்டால்: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாப்புக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். ஷட்டரிங் வாடகை ஏறுகிறதே என்று இதில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. ஒழுகும் பாத்ரூமை டைல்ஸை உடைத்து மறுபடி செய்வதற்கு, முதலிலேயே நீர்க்காப்புப் பூசி இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்ப்பதைவிடப் பல மடங்கு செலவாகும். அந்தச் செலவு பெயரோடு சேர்ந்து போகிறது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தையும் 2016-ல் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

உங்கள் கேள்வியில் முதலில் இருந்தது இயந்திரம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. 102 மாடி, 410 நாள். கட்டிய ஸ்டாரெட் சகோதரர்கள் மற்றும் எகென் நிறுவனத்தின் பலம் திட்டமிடலில் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் சிறிய தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டியில் பொருளைக் கொண்டுபோனார்கள். சாப்பிட ஆள் கீழே இறங்கி ஏறினால் நேரம் போகும் என்று மேல்மாடிகளிலேயே உணவுக்கடை வைத்தார்கள். இடமில்லாத நகர நடுவில் பொருள் வந்து இறங்கும் நேரத்தைக்கூட முன்பே அட்டவணை போட்டிருந்தார்கள். நம் சைட்டில் இதற்கு இணையான கேள்விகள் சின்னவை: 12 அடித் தெருவுக்குள் டிப்பர் வராது என்றால் ஜல்லியை எங்கே கொட்டுவது, அங்கிருந்து எத்தனை தடவை சுமக்க வேண்டும், செங்கல் இறக்கிய இடத்திலேயே நாளை சம்ப் தோண்ட வேண்டியிருக்குமா? ஒரே பொருளை இரண்டு தடவை சுமக்க வைப்பதுதான் சின்ன சைட்டுகளில் கூலி வீணாகும் முதல் இடம்.

மைவான் என்று சொல்லும் அலுமினியம் ஷட்டரிங்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரே மாதிரித் தளம் நூறு தடவை வரும் அடுக்குமாடிகளில் அது அற்புதம். ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தளம் எழுப்பலாம். ஒவ்வொரு வீடும் வேறு வேறு அளவில் வரும் உங்கள் தொழிலுக்கு அது ஒத்துவராது. சவுக்குக் கம்பு முட்டுகளை விட்டு இரும்பு ஜாக்கிக்கும் நல்ல ஷீட்டுக்கும் மாறுங்கள், போதும். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் ஓடாத எந்த இயந்திரத்தையும் வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். மென்பொருளுக்கு ஒரு எக்செல் தாள் இப்போதைக்குப் போதும். அதில் தினமும் எழுதும் ஆள்தான் முக்கியம். விளம்பரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில், முடித்துக் கொடுத்த வீடுகளுக்கு ஒரு வருடம் கழித்துப் போய் விரிசல், ஒழுகல் இருந்தால் இலவசமாகச் சரி செய்து கொடுங்கள். அந்த வீட்டுக்காரரின் உறவினர்தான் உங்கள் அடுத்த வாடிக்கையாளர்.

எந்த வேலையை எடுப்பது என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். எல் அண்ட் டி-யின் கட்டுமானப் பிரிவு 1944-ல் ஈ.சி.சி. என்ற பெயரில் தொடங்கியது. அதன் தலைமையகம் சென்னை மணப்பாக்கத்தில் இருக்கிறது. கட்டடம், போக்குவரத்து, நீர், மின்கடத்தல் என்று துறைதுறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வடிவமைப்பு ஆட்களையும் தனி எஸ்டிமேட் ஆட்களையும் வளர்த்தார்கள். கற்றது கைவிட்டுப் போகாமல் அடுத்த வேலைக்கு வந்து சேர்ந்தது. இதற்கு மாறாக, ஹைதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். நல்ல திறமையுள்ள நிறுவனம்தான். மீஞ்சூர் கடல்நீர் குடிநீர் ஆலையை ஸ்பெயின் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்தவர்கள். கட்டித் தருவதோடு நிற்காமல், கடன் வாங்கிச் சாலைகளைத் தானே போட்டு சுங்கக் கட்டணத்தில் பணத்தை மீட்கும் திட்டங்களிலும் பெரிதாக இறங்கினார்கள். 2018-ல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. கட்டும் தொழிலும் முதலீட்டுத் தொழிலும் வேறு வேறு. முதல் ஐந்து வருடத்தில் நீங்களே மனை வாங்கி ஃபிளாட் கட்டி விற்கலாமா என்ற ஆசை வரும். தள்ளிப் போடுங்கள். 1,000 முதல் 2,500 சதுர அடி வரையிலான தனி வீடுகள், திருச்சியைச் சுற்றி 25 கிலோமீட்டர், ஒரே நேரத்தில் நான்கு சைட் என்று எல்லை வைத்துக்கொண்டால் நீங்கள் இருவரும் தினமும் எல்லா சைட்டிலும் கால் வைக்க முடியும்.

கடைசியாக அரசு டெண்டர். தமிழ்நாட்டில் 1998-ன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் வேலைகள் இணையவழியில் வருகின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பெரிய வேலைகளுக்குத் தகுதி வரம்பு இருக்கிறது. பல துறைகளும் பின்பற்றும் மத்திய வழிகாட்டுதல் இதுதான்: கடந்த 7 வருடத்தில் இதேபோன்ற வேலை மூன்று, ஒவ்வொன்றும் எஸ்டிமேட்டில் 40 சதவீத மதிப்பில் முடித்திருக்க வேண்டும், அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. சராசரி ஆண்டு விற்றுமுதலும் பார்ப்பார்கள். கையில் இருக்கும் மற்ற வேலைகளின் மதிப்பைக் கழித்துத்தான் உங்கள் ஏலத் திறனைக் கணக்கிடுவார்கள். டெண்டரோடு கட்டும் ஈ.எம்.டி. முன்பணம், செக்யூரிட்டி டெபாசிட், பில்லில் பிடித்து வைக்கும் ரிடென்ஷன், பில் பாஸாகும்வரை காத்திருப்பு என்று எப்போதும் கொஞ்சம் பணம் உள்ளே மாட்டியிருக்கும். வேலை மதிப்பில் நான்கில் ஒரு பங்கையாவது ஆறு மாதம் வேறு பணத்தில் ஓட்டும் வசதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

இதில் உங்களைப் போன்றவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தனியாருக்குச் செய்த வேலையை அனுபவமாகக் காட்ட வேண்டுமானால் பல இடங்களில் டி.டி.எஸ். (பணம் கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்ததற்கான சான்று கேட்பார்கள். வீடு கட்டும் தனிநபர்கள் பொதுவாக டி.டி.எஸ். பிடிப்பதில்லை. அதனால் இருபது வீடு கட்டியும் காகிதத்தில் அனுபவம் இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். ஆகவே வருடத்துக்கு ஒரு வேலையாவது பள்ளி, மருத்துவமனை, கம்பெனி குடோன் என்று முறையாக வொர்க் ஆர்டர் கொடுத்து டி.டி.எஸ். பிடிக்கும் இடத்தில் எடுங்கள். முடித்ததும் வேலையின் மதிப்பு, தொடங்கிய தேதி, முடித்த தேதி எல்லாம் எழுதிய சான்றிதழை அவர்கள் லெட்டர் பேடில் கையோடு வாங்கிவிடுங்கள். கூடவே பொதுப்பணித் துறையிலோ மாநகராட்சியிலோ கீழ்நிலை வகுப்பில் பதிவு செய்து, வகுப்பறை பழுது, சுற்றுச்சுவர் போன்ற சின்ன வேலைகளில், முடித்த வேலையின் அளவைக் குறிக்கும் மெஷர்மென்ட் புத்தகம் எப்படி எழுதுகிறார்கள், பில் எந்த மேசையில் எத்தனை நாள் நிற்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். பெரிய டெண்டரைப் பற்றி மூன்றாவது வருடக் கணக்கு முடிந்த பிறகு யோசிக்கலாம்.